கோரிக்கை மனு: டின்டட் (கார் கண்ணாடியில ஒட்டற கறுப்பு பிலிம்) கடை பிளாஸ்டிக் எங்க லோங்காங்க (சாக்கடைய) அடைக்குது, நாலாவது தடவையா எழுதறோம்

பெறுநர்: அமலாக்கப் பிரிவு அதிகாரி ஐயா அவர்கள், பினாங்கு

மதிப்புக்குரிய ஐயா, வணக்கம்.

நாங்க ஜாலான் பி. ரம்லி உள்பக்கத்து லோரோங்ல (சந்துல) இருக்கிற 14 வீட்டுக்காரங்க. நீங்க தமிழ் படிப்பீங்கன்னு கவுன்டர்ல இருந்த தங்கச்சி சொன்னாங்க, அதான் இந்தத் தடவை மலாய்ல எழுதாம தமிழ்லயே எழுதறோம். எங்க இடத்தைப் பத்தி உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. அரை மணி நேரம் நல்லா மழை பேஞ்சு அந்த நேரம் பார்த்து கடல்ல ஆயர் பாசாங்கும் (கடல் ஏத்தமும்) ஏறிச்சுன்னா சுங்கை பினாங் ஆத்துத் தண்ணி எங்க போகும்னு உங்களுக்கே தெரியும்.

ஏற்கனவே மூணு அடுவான் (புகார்) குடுத்தாச்சு. ஒண்ணு கவுன்டர்ல, ஒண்ணு போன்ல, ஒண்ணு படம் எல்லாம் ஒட்டி கடுதாசியா. மூணுக்கும் வந்த ஒரே பதில் 'நடவடிக்கை எடுக்கப்படுகிறது'. எங்க ஐயா எடுத்தாங்க?

எங்க குறை இதுதான்:

1. லோரோங் முனையில காடிக்கு (காருக்கு) டின்டட் போடற கடை இருக்கு. பேரை இங்க எழுதல, போர்டு பெருசா தொங்குது, வந்தா தெரியும்.

2. டின்டட் போடறதே தப்புன்னு நாங்க சொல்லல. இந்த வெயிலுக்கு எல்லாருக்கும் வேணும், என் வீட்டுக்காரர் காடியிலயும் இருக்கு. முன் கண்ணாடியில 70 சதவீதம் வெளிச்சம் உள்ள போகணும், முன் கதவுல 50, பின்பக்கத்துக்கு 2019ல கட்டுப்பாட்ட எடுத்துட்டாங்க, அதெல்லாம் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பாத்துக்குவாங்க. எங்க பிரச்சனை கண்ணாடி மேல ஒட்டற பிலிம் இல்ல, அதுலேர்ந்து உரிச்சுப் போடற பிளாஸ்டிக்.

3. ஐயா, இதைக் கொஞ்சம் பொறுமையா படிங்க. பிலிமுக்குப் பின்னாடி பசை ஒட்டிக்காம இருக்க ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் இருக்கும், தண்ணி மாதிரி தெளிவா. ஷாம்பு தண்ணி அடிச்சு அதை உரிச்சிட்டுத்தான் பிலிமைக் கண்ணாடியில வச்சு ஸ்குவீஜியால (ரப்பர் தேய்ப்பானால) தண்ணியத் தள்ளுவாங்க. முன் கண்ணாடி, பின் கண்ணாடி, நாலு கதவு, அது போக மூலையில குட்டிக் கண்ணாடி, ஒவ்வொண்ணுக்கும் அதே சைஸ்ல ஒரு தாள் உரிஞ்சு வரும். அப்போ ஒரு காடி முடிஞ்சா ஒரு காடி கண்ணாடி அளவுக்குக் குப்பை. சனிக்கிழமை அஞ்சாறு காடி நிக்குது, தீபாவளி ராயா வந்துட்டா ராத்திரி வரைக்கும் வேலை. இதுல பழைய டின்டட்ட சூடு காட்டி உரிக்கிறது வேற, அதுல பசை அப்படியே இருக்கும், இலை தழை எது மேல பட்டாலும் புடிச்சுக்கும். இவ்வளவும் காக்கி லீமாவுலேர்ந்து (கடை முன் நடைபாதையிலேர்ந்து) தண்ணி பைப் புடிச்சு நேரா லோங்காங்குக்குள்ள தள்ளிவிடறாங்க. கண்ணுக்கே தெரியாது ஐயா! உங்க ஆள் ஒரு தடவை வந்து மேலேர்ந்து எட்டிப் பாத்துட்டு 'பெர்சே லா ஆன்ட்டி', சுத்தமா இருக்கு அப்படின்னு போயிட்டாரு, தண்ணிக்குள்ள தண்ணி கலர்ல கெடக்கிறது அவருக்கு எப்படித் தெரியும், கையை விட்டுப் பாத்தாத்தானே தெரியும்.

நான் விட்டுப் பாத்தேன். போன மாசம் ராத்திரி பதினொரு மணி, மழை, லோங்காங் நிறைஞ்சு எங்க வாசப்படிக்கு ஏறிடுச்சு. என் மாமனாருக்கு 81 வயசு, ஸ்ட்ரோக் வந்து கீழ் ரூம்ல படுத்த படுக்கை. கட்டிலுக்கு அடியில ரெண்டு ரெண்டு செங்கல் ஏற்கனவே வச்சிருக்கோம், தண்ணி செங்கல்லயும் ஏறுது. பக்கத்து வீட்டுத் தம்பிங்க ரெண்டு பேரு வந்து அவரைத் துணியோட தூக்கி மாடிப்படியில உக்கார வச்சாங்க, அவரு பேச முடியாம என்னையே பாக்கிறாரு. நான் வெளிய போயி முழங்கை வரைக்கும் லோங்காங் கம்பிக்குள்ள விட்டு இழுத்தா வருது ஐயா, ஒண்ணு பின்னால ஒண்ணு, முன் கண்ணாடி ஷேப்ல, கதவுக் கண்ணாடி ஷேப்ல, அப்படியே வெட்டின மாதிரியே. பத்து நிமிஷம் இழுத்ததும் தண்ணி சொய்ங்னு இறங்கிடுச்சு. அப்போ அது வெள்ளமா, இல்ல அடைப்பா? நீங்களே சொல்லுங்க. 2017 நவம்பர்ல வந்ததே அது வெள்ளம், ஊரே முழுகிச்சு, நாங்க யாரையும் குத்தம் சொல்லல.

4. கொசு. மடிஞ்சு கெடக்கிற பிளாஸ்டிக்ல தண்ணி தேங்கி நிக்குது. எங்க பூந்தொட்டியில லார்வா இருந்தா 500 வெள்ளி கம்பவுண்ட் (அபராதம்), அவங்க லோங்காங்ல இருந்தா?

5. கடைக்காரர்கிட்ட மரியாதையாத்தான் பேசினோம். "ஆன்ட்டி, லைசென்ஸ் இருக்கு" அப்படின்னாரு. டின்டட் ஒட்டத்தானே லைசென்ஸ், லோங்காங்க அடைக்கவுமா? ஜெலுத்தோங்ல என் தம்பி மகன் வேலை செய்யற டின்டட் கடையில உள்ளயே கதவைச் சாத்திட்டுத்தான் ஒட்டறாங்க, தூசி பறந்தா பிலிமுக்கு அடியில புள்ளி புள்ளியா தெரியும்னு, உரிச்ச தாள் எல்லாம் காலடியில பெரிய பையில போகுது, தண்ணி போற வாயில கம்பி வலை. அதுக்கு என்ன பெரிய செலவு, ஒரு பை, ஒரு வலை. ஒழுங்கா வேலை தெரிஞ்சவன் அப்படித்தான் செய்வான். நடுத் தெருவுல நின்னு தண்ணி அடிச்சு ஒட்டறவன்கிட்ட காடி குடுக்கிறவங்களையும் சொல்லணும், அது வேற கதை.

அதனால ஐயா, நாங்க கேக்கிறது கடையை மூடச் சொல்லி இல்ல. உள்ளயே வேலை செய்யச் சொல்லுங்க, பிளாஸ்டிக்க பையில கட்டச் சொல்லுங்க, லோங்காங் வாயில வலை போடச் சொல்லுங்க, இப்போ அடைச்சிருக்கிறத உங்க ஆளுங்களை விட்டு எடுக்கச் சொல்லுங்க. செப்டம்பர் வந்தா மழை நிக்காது, அதுக்கு முன்னாடி. தயவு செஞ்சு அதுக்கு முன்னாடி. மறுபடியும் கேக்கிறோம், ஒரு தடவை நேர்ல வாங்க, சனிக்கிழமை சாயங்காலம் வாங்க, மேலேர்ந்து பாக்காம கம்பியைத் தூக்கிப் பாருங்க.

அன்னிக்கு இழுத்துப் போட்டது ரெண்டு சாக்கு வீட்டுப் பின்னாடி அப்படியே வச்சிருக்கேன், குப்பை லோரிக்காரர் எடுக்க மாட்டேங்கிறாரு. வரும்போது பிக்கப்ல வந்தீங்கன்னா அதையும் ஏத்திக்கலாம்.

இப்படிக்கு,
லோரோங் குடியிருப்பாளர்கள் சார்பில்,
முனையிலேர்ந்து மூணாவது வீட்டு மருமகள்
(14 வீட்டுக் கையெழுத்தும் பின்பக்கத்துல இருக்கு)