வாசிப்பு வட்டத்தின் ஆண்டறிக்கை, நாகப்பட்டினம்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நாகூரும் சிக்கலும் வேளாங்கண்ணியும் சூழ்ந்த நம் ஊரில் ஒருவர் திருவிழாவுக்கு மற்றவர் போவது புதிதல்ல. அவருடைய வேதத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பதுதான் அரிது. அதற்காகவே மாதந்தோறும் கூடுகிறோம். 1990களில் பீட்டர் ஆக்ஸ், டேவிட் ஃபோர்ட், டேனியல் ஹார்டி ஆகிய சமய அறிஞர்கள் யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம்களுடன் வளர்த்த முறையே நம்முடையதும். சிறு பகுதியாக எடுத்துக்கொள்வோம். அந்நூலுக்கு உரியவர் முதலில் விளக்குவார். பிறகு யாரும் கேட்கலாம். ஒருமித்த முடிவுக்கு வரவேண்டிய கட்டாயம் இல்லை.

இவ்வாண்டு மகனைப் பிரிந்த தந்தையரைப் பற்றிப் படித்தோம். விவிலியத்தின் தொடக்கநூல் 37ஆம் அதிகாரத்தில் யாக்கோபு இரத்தம் தோய்ந்த அங்கியைப் பார்த்து, மகனைக் காட்டு விலங்கு தின்றுவிட்டதென்றே நம்பிவிடுகிறார். யார் தேற்றியும் தேறவில்லை. குர்ஆனின் யூசுஃப் அத்தியாயத்தில் யாக்கூப் நபி அந்தச் சட்டையைக் கண்டும் மகன்களின் பேச்சை நம்பவில்லை. அழகிய பொறுமையே தமக்கு வழி என்கிறார். ஆனாலும் துயரத்தால் அவர் கண்கள் வெளுத்துப்போகின்றன. கம்பனில் தயரதன், “நம்பி சேயனோ? அணியனோ?” என்று கேட்கிறான்; இராமன் கானகம் போனான் என்று தேர்ப்பாகன் சொன்னதும் உயிர் பிரிகிறது.

பொறுமையுள்ளவர் அழுவாரா என்று கிறிஸ்தவ அன்பர் ஒருவர் கேட்டார். இறைவனிடம் முறையிடுவது பொறுமைக்கு மாறானதல்ல என்று இஸ்லாமிய மார்க்க அறிஞரான ஹஜ்ரத், யூசுஃப் அத்தியாயத்தின் 86ஆம் வசனத்தைக் காட்டினார். அப்போது, 2004 சுனாமியில் மகனைப் பறிகொடுத்த மீனவ உறுப்பினர் முதன்முறையாகப் பேசினார். உடல் கிடைக்காததால் யாக்கூப் நபியைப் போலவே தாமும் பல காலம் நம்ப மறுத்ததாகச் சொன்னார். அன்றைய கூட்டம் இரவு வெகுநேரம் நீண்டது. மூன்று நூல்களும் ஒன்றையே சொல்கின்றன என்று அவசரப்பட்டு முடித்திருந்தால் அவர் வாய் திறந்திருக்கமாட்டார் என்பது என் உறுதியான எண்ணம்.

கம்பராமாயணம் வேதமாகுமா என்ற கேள்வியும் எழுந்தது. வீட்டில் பக்தியோடு ஓதப்படும் நூல் என்ற அளவில் எல்லோரும் ஏற்றுக்கொண்டோம். இளைஞர் வருகை குறைவாக இருப்பது எனக்குப் பெரிய கவலை. பள்ளி விடுமுறையில் பகல் அமர்வு வைக்கலாம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

வரும் ஆண்டுக்குக் கடலைப் பொருளாகப் பரிந்துரைக்கிறேன்: மீன் வயிற்றிலிருந்து யோனா செய்த மன்றாட்டு, யூனுஸ் நபியின் துஆ (வேண்டுதல்), “கற்றுணைப் பூட்டியோர் கடலில் பாய்ச்சினும்” என்ற அப்பர் தேவாரம். இப்பரிந்துரையையும் அறிக்கையையும் ஏற்று நிறைவேற்றித் தருமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்