மகனிடம் பத்துக் கட்டளைகளை எங்கிருந்து ஆரம்பிப்பது?

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். மகனுக்குப் பத்துக் கட்டளைகளை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று போனில் நீ கேட்டதற்கு இரண்டு வார்த்தையில் பதில் சொல்லிவிட மனம் வரவில்லை. வளர்ந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவிக்கிற வேறு சிலருக்கும் உதவட்டும் என்றுதான் எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

மூத்தவன் குடும்ப ஜெபத்தில் வேதப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "எல்லாமே செய்யாதே, செய்யாதேன்னுதானே இருக்கு" என்றானாம். உனக்குக் கோபம் வந்ததாம். எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. அவன் சொன்னது தப்பும் இல்லை. ஓய்வுநாளும் தாய் தகப்பனும் போக, பத்தில் மீதி எட்டும் 'வேண்டாம்' என்கிற கட்டளைகள்தான்.

ஆனால் கட்டளைகள் அங்கே ஆரம்பிக்கவில்லை. வேதத்தில் யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தில் முதல் கட்டளைக்கு முன்னால் ஒரு வசனம் இருக்கிறது: "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே." இஸ்ரவேல் ஜனங்கள் செங்கடலைக் கடந்தாயிற்று, வானத்திலிருந்து வந்த மன்னாவைச் சாப்பிட்டாயிற்று, அப்புறம்தான் கட்டளைகள் கொடுத்த சீனாய் மலை. "இதையெல்லாம் கைக்கொண்டால் விடுவிப்பேன்" என்று தேவன் எகிப்தில் வைத்துப் பேரம் பேசவில்லை. விடுவித்த பிறகு, இனி அடிமைகளைப் போல வாழாமல் இருக்க வழி சொல்லிக்கொடுத்தார். இந்த முன்பின் மாறினால் வேதம் பிரம்பாகிவிடும். பிள்ளைகள் தேவனை அப்படித்தான் பார்ப்பார்கள்.

உன் மகன் கேட்ட கேள்வியை, அந்த ஜனங்களை நடத்தி வந்த மோசே முன்னமே எழுதி வைத்திருக்கிறார். உபாகமம் 6-ஐ எடுத்துப் பார். பிற்காலத்தில் உன் குமாரன் இந்தக் கட்டளைகள் எதற்கு என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும்? "கேள்வி கேட்காதே" என்று அங்கே இல்லை. நாங்கள் அடிமைகளாயிருந்தோம், கர்த்தர் எங்களைப் புறப்படப்பண்ணினார், இவையெல்லாம் நம் நன்மைக்காகவே என்று கதையாகச் சொல்லச் சொல்கிறார். நம் வீட்டிலும் ஒரு எகிப்து இருந்ததே, தம்பி. அப்பா குடியை விட்ட வருஷம் அம்மா அடகுக்கடையிலிருந்து வளையலை மீட்டு, கையில் போட்டுக்கொண்டு ஆராதனைக்கு வந்தது உனக்கு ஞாபகம் இருக்குமே. அதை அவனிடம் சொல்லியிருக்கிறாயா? அதைக் கேட்ட பிள்ளைக்குக் கட்டளை வேறு மாதிரி காதில் விழும்.

நாம் அதிகம் வாசிக்காத பக்கங்களையும் அவனோடு உட்கார்ந்து வாசி. புதுவீடு கட்டினால் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் வைக்க வேண்டும், யாரும் விழுந்துவிடக் கூடாது என்று உபாகமம் 22-இல் ஒரு சட்டம். புதிதாகக் கல்யாணம் ஆனவனை ஒரு வருஷம் போருக்கு அனுப்பாதே, அவன் வீட்டிலிருந்து மனைவியைச் சந்தோஷப்படுத்தட்டும் என்று 24-இல் இன்னொன்று. மொட்டைமாடியில் ஓடி விளையாடுகிற பிள்ளையையும் புதுப்பெண்ணின் மனதையும் நினைத்துப் பார்த்து யாரோ சட்டம் போட்டிருக்கிறார் என்றால், அவர் எப்படிப்பட்டவர் என்று அவனே யோசிக்கட்டும்.

நம் லுத்தரன் சபையில் திடப்படுத்தலுக்கு (கன்ஃபர்மேஷன்) படித்த ஞானோபதேசம் என்கிற கேள்வி-பதில் புத்தகத்தையும் திரும்ப எடு. 1529-இல் லுத்தர் அதை வீட்டுத் தலைவர்கள் தங்கள் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் எழுதினார். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அதில் ஒவ்வொரு 'வேண்டாம்' பின்னாலும் 'செய்' என்று ஒன்று வரும். கொலை செய்யாதே என்றால், பிறனுக்குத் தீங்கு செய்யாமல் இருந்தால் மட்டும் போதாது, அவன் கஷ்டத்தில் உதவவும் வேண்டும். பொய்ச்சாட்சி சொல்லாதே என்றால், பிறனைப் பற்றி நல்லது பேச வேண்டும், அவன் செய்ததை நல்லவிதமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் சபைத் தேர்தலைப் பற்றி நம் வீடுகளில் பேசுகிற பேச்சுக்கு நேராக வருகிற கட்டளை அது. பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

உபாகமம் 6-இல் "உன் பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதித்து" என்பதற்கு முந்தின வசனம், இந்த வார்த்தைகள் முதலில் உன் இருதயத்தில் இருக்கட்டும் என்கிறது. "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்று அவனிடம் சொல்கிறாய், சரி. எபேசியர் 6-இல் அதே மூச்சில் பவுல், "பிதாக்களே" என்று உன்னைக் கூப்பிட்டு, பிள்ளைகளைக் கோபப்படுத்தாதே என்கிறாரே. அதையும் அவன் முன்னாலேயே சத்தமாக வாசி. அவன் தவறு செய்து மாட்டிக்கொண்ட நாளில் கட்டளையை மட்டும் காட்டி சிலுவையை மறைத்துவிடாதே. நம்மில் ஒருவரும் கட்டளையைக் கைக்கொண்டு தேவனுடைய பிள்ளைகளானவர்கள் இல்லை.

இன்னொன்று, உரிமையோடு கேட்கிறேன். உன் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மா ஞாயிற்றுக்கிழமையும் வருகிறார். ஆராதனை முடிந்து விருந்தாளிகள் வருகிற நாள் என்பதால் அன்றைக்குத்தான் வேலை அதிகம். ஓய்வுநாள் கட்டளையில் உன் வேலைக்காரியும் உன்னைப் போலவே இளைப்பாற வேண்டும் என்று இருக்கிறது. இந்த வாரத்திலிருந்து அவருக்கு ஞாயிறு லீவு கொடு, சம்பளத்தில் கை வைக்காதே. நீயும் மூத்தவனும் சேர்ந்து பாத்திரம் கழுவுங்கள். ஏன் என்று கட்டாயம் கேட்பான். அப்போது உபாகமம் 5:15-ஐ வாசித்துக் காட்டு. ஓய்வுநாளுக்குக் காரணமாக அங்கேயும் எகிப்துதான் வருகிறது.

பரீட்சை லீவுக்கு அவனை இங்கே அனுப்பி வை. அத்தையிடமும் கேட்க அவனுக்கு நிறைய இருக்கும்.

உன் அக்கா