தண்ணீரைக் குறைக்காதே

அன்புள்ள செல்விக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மாடி வேலை பாதியில் நிற்கிறது, அதை அப்புறம் எழுதுகிறேன். குட்டிக்கு நாலு மாதத்திலேயே தலை நன்றாக நின்றுவிட்டதாம், மாப்பிள்ளை சொன்னார். தாய்ப்பால் மட்டுமே கொடுத்து இந்த எடைக்குக் கொண்டுவந்திருக்கிறாய், அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் பால் கொடுக்கிறவள் நாளைக்கு இரண்டரை, மூன்று லிட்டர் தண்ணீராவது குடிக்க வேண்டும். நீ குடிப்பதில்லை. போனில் பேசும்போதெல்லாம் பார்க்கிறேன், பாட்டில் நிறைந்தபடியே இருக்கிறது.

காதுகுத்துக்கு வரவில்லை என்றாய். ஆறு மணி நேர பஸ் குழந்தைக்கு ஆகாது என்றாய். சரி.

முடி கொட்டுகிறது என்று கவலைப்படாதே. கர்ப்பத்தில் கொட்டாமல் தங்கிய முடிதான் இப்போது போகிறது. குட்டிக்கு ஒரு வயதாவதற்குள் பெரும்பாலும் திரும்பிவிடும். இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின் 180 நாள் விடாமல் சாப்பிடு. கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடாதே, காபியோடும் போடாதே. சத்து உடம்பில் ஒட்டாது.

வயிற்றைப் பற்றிக் கேட்டிருந்தாய். கர்ப்பப்பை ஆறு வாரத்திலேயே சுருங்கியிருக்கும். இப்போது தள்ளிக்கொண்டு தெரிவது, நடுவில் விலகிப்போன வயிற்றுத் தசையாக இருக்கலாம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் தூக்கிக்கொண்டு தொப்புள் பக்கம் விரலை வைத்துப் பார். இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தால் படுத்து எழும் உடற்பயிற்சி எதுவும் இப்போதைக்கு வேண்டாம். படுக்கையிலிருந்து ஒருக்களித்துத்தான் எழ வேண்டும். பெரியம்மா சொன்னாள் என்று துணியை இறுக்கிக் கட்டாதே. மேலே இறுக்கினால் அழுத்தம் கீழேதான் இறங்கும்.

கீழே, மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தூளி மாதிரி ஏந்திக்கொண்டிருப்பது ஒரு தசை. உனக்கு 3.6 கிலோ பிள்ளை, ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம், தையல் வேறு. அந்தத் தசை நன்றாக இழுபட்டிருக்கும். பிள்ளை பெற்றவர்களில் மூன்றில் ஒருத்திக்கு இருமும்போதோ தும்மும்போதோ சிறுநீர் கசியும். நான் வேலையில் இருந்தபோது வந்த பெண்கள் எல்லாம் பேசிவிட்டு, கதவு வரை போய், திரும்பி நின்றுதான் இதைச் சொல்வார்கள். உனக்கு அப்படி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குத் தும்மல் வந்ததும் காலைப் பின்னிக்கொண்டு சுவரைப் பிடித்தாய். அடுத்த நிமிஷம் போனை வைத்துவிட்டாய்.

தண்ணீரைக் குறைத்தால் கசிவு குறையும் என்று நினைக்காதே. சிறுநீர் கெட்டியாகிப் பையை உறுத்தும், அவசரம் கூடும், நீர்க்கடுப்பு வரும். மலம் இறுகும், முக்கினால் அதே தசை இன்னும் தளரும். உங்கள் வீட்டு மேல்நாட்டுக் கக்கூஸில் காலுக்கு அடியில் சின்ன முக்காலி போட்டுக்கொள். வெளியே கிளம்பும்போதெல்லாம் எதற்கும் இருக்கட்டும் என்று போய் வருவதும் வேண்டாம், பை கொஞ்சத்துக்கே அவசரப்படப் பழகிவிடும். 20 லிட்டர் கேனை நீ தூக்கவே கூடாது.

பயிற்சி இதுதான். காற்று பிரிவதை அடக்குகிற மாதிரி ஆசனவாயையும், சிறுநீரை அடக்குகிற மாதிரி முன்பக்கத்தையும் சேர்த்து உள்ளே, மேலே இழு. ஐந்து எண்ணும்வரை பிடி, பிறகு முழுசாகத் தளர்த்தி ஐந்து எண்ணு. பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. பழகியதும் பிடிப்பதைப் பத்து எண்ணிக்கை வரை கொண்டு போ. தளர்த்துவதும் பயிற்சிதான், அவசரத்தில் அதை விட்டுவிடாதே. மூச்சு நின்றாலோ, பிட்டம் இறுகினாலோ, வயிறு வெளியே தள்ளினாலோ தப்பாகச் செய்கிறாய். நிறையப் பேர் மேலே இழுப்பதற்குப் பதில் கீழே முக்குகிறார்கள், அது இருப்பதையும் கெடுக்கும். சிறுநீர் போகும்போது நிறுத்திப் பார்ப்பதைப் பயிற்சியாக வைத்துக்கொள்ளாதே. பால் கொடுக்க உட்காரும்போது செய்தால் மறக்காது. தும்மல் வரப்போகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே இழுத்துப் பிடி. மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். ஒரு வாரம் செய்துவிட்டுச் சலித்துக்கொள்ளாதே, உன் குணம் எனக்குத் தெரியும். தண்ணீரையும் குறைக்காதே.

பெற்றவளிடம் சொல்ல என்னடி கூச்சம்? அத்தை ஏன் ஒரு கல்யாணத்துக்கும் போகாமல் இருந்தாள் என்று உனக்கும் தெரியும். அவள் காலத்தில் கேட்க ஆளில்லை. நீ படித்தவள்.

மூன்று மாதம் செய்தும் குறையவில்லை என்றால் டாக்டரைப் பார். அடி இறங்குகிற மாதிரி கனத்தாலோ, ஏதாவது கைக்குத் தட்டுப்பட்டாலோ, காற்றும் மலமும் அடக்க முடியாமல் போனாலோ அதுவரை காத்திருக்காதே, இந்த வாரமே போ. காய்ச்சலோடு நீர்க்கடுப்பு என்றால் அன்றைக்கே. எத்தனை மாதம், ஆயுதம் போட்ட பிரசவம், எப்போதெல்லாம் கசிகிறது, மூன்றையும் உட்கார்ந்ததுமே சொல். பரிசோதித்துப் பார்க்கச் சொல், இதற்கென்று பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பச் சொல். பிள்ளை பெற்றால் இப்படித்தான் என்று திருப்பி அனுப்பினால் வேறு டாக்டரைப் பார்.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் சொல், ராத்திரி பஸ்ஸில் நான் வருகிறேன். குட்டியை வெளியே நான் வைத்துக்கொள்கிறேன், நீ உள்ளே போய்ப் பேசு.

அன்புடன்,
அம்மா