கமக்காரர் அமைப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. காலபோக விதைப்புக்கு முன்பே வாய்க்கால் துப்புரவு முடிந்தது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். களஞ்சியத்தில் உள்ள கருவிகளைப் பற்றித்தான் நான் கூடுதலாகப் பேச வேண்டும்.

சென்ற மாரியில் எமது நெல் ஈரமானி பழுதாகிவிட்டது. உள்ளே விட்டிருந்த பற்றரி கசிந்து முனைகளை அரித்துவிட்டது. அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீத ஈரப்பதத்தை எல்லையாக வைத்தே நெல் வாங்குகிறது. அறுவடை நேரத்தில் எம்மிடம் சரியான ஈரமானி இல்லையென்றால், வியாபாரி சொல்லும் அளவுக்குத் தலையாட்ட வேண்டியதுதான். கமக்காரனின் உழைப்பு அந்த ஒரு எண்ணில் தங்கியிருக்கிறது.

சுவிஸில் கிளைடர் எனும் இயந்திரமில்லாச் சிறு விமானம் ஓட்டும் எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவர் விடுமுறையில் வந்தபோது நல்ல விளக்கம் தந்தார். அங்கே பனிக்காலத்தில் கிளைடரைச் சூடேற்றாத கொட்டகையிலோ இழுவை வண்டியிலோ மூடி வைக்கிறார்கள். உயரமானி, வேகமானி எல்லாம் நுட்பமான கருவிகள். குளிரைவிட, குளிர்ந்த உலோகத்தில் ஈரக்காற்று பட்டுத் துளியாகப் படிவதுதான் அவற்றுக்குப் பெரிய கேடு. அதனால் பலர் கழற்றக்கூடியவற்றைக் கழற்றி வீட்டில் உலர்வாக வைக்கிறார்கள். குளிரிலிருந்து கொண்டுவந்த கருவியைப் பையோடு அறைச்சூட்டுக்கு வரவிட்டுத்தான் திறக்க வேண்டுமாம். கிளைடரின் ஈய அமில பற்றரியையும் முழுதாகச் சார்ஜ் செய்தே வைக்க வேண்டும். சார்ஜ் இறங்கினால் அது கடுங்குளிரில் உறைந்து பிளந்துவிடக்கூடும். காற்றழுத்தம் எடுக்கும் குழாயின் வாயைப் பூச்சி புகாமல் மூடிவிடுகிறார்கள்.

எமக்கு உறைபனி இல்லை. ஆனால் மார்கழி விடியலில் தகரக் கூரையின் கீழ் வழியும் பனிநீரை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே அறையில்தான் உர மூட்டையும் கிடக்கிறது. உரம் ஈரத்தை இழுக்கும், அதன் உப்பு உலோகத்தை அரிக்கும். குளவியோ எந்த ஓட்டையையும் விடாது.

ஆகவே நிர்வாகக் குழு சில ஒழுங்குகளைச் செய்துள்ளது. பழுதானதற்குப் பதிலான புதிய ஈரமானியும் மின்தராசும் பற்றரி கழற்றப்பட்டு, இறுக்கமான மூடியுள்ள பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் தலைவர் வீட்டில் இருக்கும். ஜெல் நிறம் மாறியதும் மெல்லச் சூடாக்கினால் திரும்பவும் உதவும். தெளிகருவிகளின் பற்றரியை மாதம் ஒருமுறை பார்த்துச் சார்ஜ் செய்ய இளைஞர் இருவர் முன்வந்துள்ளனர். அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. உரத்துக்குத் தனி இடம் வேண்டும், அதற்கான செலவை இந்தச் சபை அங்கீகரிக்கும்படி கேட்கிறேன். அப்புறம், தை பிறந்ததும் அறுவடைக்கு முன் புதிய ஈரமானியை இன்னொரு நல்ல கருவியுடன் ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும்.