மயிலாப்பூர் முத்திரை போட்ட ஞானஸ்நானச் சீட்டு

அன்புள்ள சவரி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் புதுநன்மை கொடுத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். எனக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. மாடிப்படி ஏறுவதுதான் இன்னும் சிரமம்.

போன மாதம் அம்மாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது தாத்தா, பாட்டி இரண்டு பேருடைய ஞானஸ்நானச் சீட்டும் கிடைத்தன. இருவரும் பழைய தஞ்சாவூர் ஜில்லாக்காரர்கள். ஆனால் பாட்டியின் சீட்டில் 'மயிலாப்பூர் மேற்றிராசனம்' (ஓர் ஆயரின் ஆளுகைப் பகுதி, இப்போது மறைமாவட்டம் என்கிறோமே, அதுதான்) என்று இருக்கிறது, தாத்தாவின் சீட்டில் 'கும்பகோணம்'. நாகப்பட்டினம் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்கு மயிலாப்பூர் ஆயர் எப்படி வந்தார்? இதைத் தேடிக்கொண்டு போனதில் நாலு வாரம் ஓடிவிட்டது. உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எல்லாம் போர்த்துக்கல் அரசரிடமிருந்து தொடங்குகிறது. கோயில் கட்டுவதும் குருக்களுக்குப் படியளப்பதும் அரசர் பொறுப்பு; பதிலுக்கு ஆயர்கள் யார் என்று சொல்லும் உரிமை அவருக்கு. இதற்குப் பதுருவாதோ என்று பெயர். அந்த வழியில்தான் 1534இல் கோவா மறைமாவட்டமும், பிறகு கொச்சியும், 1606இல் மயிலாப்பூரும் வந்தன. 1663இல் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்த பிறகு போர்த்துக்கலுக்குக் கையில் பலமில்லை, உரிமையை விடவும் மனமில்லை. ரோமாபுரியோ 1622இலேயே விசுவாசப் பரப்புதல் சபையைத் தொடங்கியிருந்தது. அந்தச் சபை அனுப்பியவர்கள் போப்பாண்டவர் பெயரில் நேரடியாக நிர்வாகம் செய்தார்கள். 1838இல் போப்பாண்டவர் பதினாறாம் கிரகோரியார் கொச்சி, மயிலாப்பூர் போன்ற இடங்களின் அதிகாரத்தை எடுத்து இவர்களிடம் கொடுத்தார். போர்த்துக்கல் பக்கம் நின்ற கோவாக் குருக்கள் பலர் அதற்கு இணங்கவில்லை. ஒரே ஊரில் ஒரு கூட்டத்துக்கு ஒரு கோயில், மற்றக் கூட்டத்துக்கு இன்னொரு கோயில் என்று ஆயிற்று. பூசை ஒன்று, மந்திரம் ஒன்று, சண்டை மட்டும் தலைமுறை தலைமுறையாக.

இதைச் சரிசெய்யத்தான் போப்பாண்டவர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1886இல் இறங்கினார். ஜூன் 23இல் போர்த்துக்கலோடு ஒப்பந்தம், செப்டம்பர் 1இல் இந்தியா, இலங்கை முழுவதற்குமான ஆணை. தற்காலிக ஏற்பாடுகளெல்லாம் முறையான மறைமாவட்டங்களாக மாறின. கோவா, ஆக்ரா, பம்பாய், கல்கத்தா, சென்னை, புதுச்சேரி, வராப்புழை, கொழும்பு என எட்டுப் பேராயர்கள். கோவாப் பேராயருக்குக் கீழை இந்தியாவின் மறைமுதுவர் என்ற பட்டம். பெஷாவரிலிருந்து இலங்கையின் காலி நகரம் வரை பரந்த பூமியை ஒரே ஆணையில் ஒழுங்குபடுத்தியது பெரிய வேலை என்று மனதார நினைக்கிறேன்.

ஆனால் போர்த்துக்கலின் மானம் கெடக்கூடாது என்பதற்காக ஒரு காரியம் செய்தார்கள், அதுதான் என்னை உறுத்துகிறது. பழைய மயிலாப்பூரையும் கொச்சியையும் போர்த்துக்கலின் கீழேயே திரும்ப நிறுவினார்கள். தமன் மறைமாவட்டத்தைப் புதிதாக உண்டாக்கினார்கள். பம்பாய் நகரத்தில் பேராயர் இருக்க, அதே நகரத்துக் கோயில்களில் சில தமன் ஆயரின் கீழ் இருந்தன. வங்காளத்தில் சில கோயில்கள் மயிலாப்பூரைச் சேர்ந்தவை. நம்ம பக்கத்து வேளாங்கண்ணியும் அப்படித்தான். பாட்டியின் சீட்டுக்கு விளக்கம் கிடைத்துவிட்டது பார்! திருச்சிக்கு ஆயர் வேண்டுமென்றாலும் மூன்று பெயர்களை லிஸ்பனுக்கு அனுப்பி, அரசர் அதில் ஒருவரைச் சொல்ல வேண்டும். அப்போது அந்த அரசருக்கு இந்தியாவில் இருந்ததெல்லாம் கோவா, தமன், தியூ மட்டும்.

யார் எந்த ஆயருக்குக் கீழ் என்று இவ்வளவு யோசித்தவர்கள், அந்த ஆயர் எந்த ஊர்க்காரர் என்று யோசிக்க எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டார்கள் தெரியுமா? கேரளத்தில் சுரியானி வழிபாட்டு முறையைப் பின்பற்றும் கத்தோலிக்கர்களைத் தனியாகப் பிரித்தது 1887. அவர்களுக்குச் சொந்த ஆயர்கள் மூவர் கிடைத்தது 1896. இலத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்த நமக்கு 1923 வரை காத்திருப்பு. அந்த ஆண்டு தூத்துக்குடி தனி மறைமாவட்டமானபோது சேசு சபைக் குரு திபூர்சியுஸ் ரோச் ஆயரானார், முத்துக்குளித்துறையின் பிள்ளை. அந்தக் கரையில் சவேரியார் கால் வைத்து 380 வருஷம் கழித்து! சிங்கராயரே 1893இல் கண்டியில் குருக்களைப் பயிற்றுவிக்கும் குருமடம் தொடங்கி, 'இந்தியாவே, உன் மக்களே உனக்கு மீட்பைக் கொண்டுவருவார்கள்' என்று வாக்கியம் கொடுத்திருந்தார். அந்த வாக்கியம் ஆயர் நாற்காலி வரை வர முப்பது வருஷம் ஆனதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மிச்சக் கதை சுருக்கம்தான். 1928இல் பம்பாயில் இரட்டை ஆட்சி முடிந்தது. 1950இல் போர்த்துக்கல் மயிலாப்பூர் உரிமையை விட்டுக்கொடுத்தது. 1952இல் சென்னையும் மயிலாப்பூரும் ஒன்றாயின. தஞ்சாவூர் தனி மறைமாவட்டம் ஆனது. பாட்டி பெயர் எழுதிய கோயில் அப்போதுதான் பக்கத்தூர் ஆயரின் கீழ் வந்தது.

தாத்தா பாட்டி கல்யாணத்துக்கு இரண்டு ஆயர்களின் கோயில்களிலும் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்திருப்பார்கள் இல்லையா? அம்மா சின்ன வயதில் கேட்ட கதையாக, 'பொண்ணு வீட்டுக்கோயில் வேற, மாப்பிள்ளை வீட்டுக்கோயில் வேற' என்று சொன்னது இப்போதுதான் புரிகிறது.

உங்கள் பங்கில் பழைய திருமணப் பதிவேடு இருக்கும் அல்லவா? அடுத்த முறை கோயில் அலுவலகம் போகும்போது பாட்டியின் பெயர் அகப்படுகிறதா என்று கொஞ்சம் பார். இரண்டு சீட்டுகளின் நகலையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன்,
அருள்