லேயாவின் மூன்று மொழிகள்

அன்புள்ள மீனா,

உன் கடிதம் போன வியாழக்கிழமை வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு நிலைக்கு வந்தது. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் போடு. என் அத்தை ஒரே வாரத்தில் 'எல்லாம் சரியாகிவிட்டது' என்று நிறுத்திவிட்டு அப்புறம் படாத பாடு பட்டார். இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது. வீடு இப்போதே வெறிச்சென்று இருக்கிறது.

இப்போது என்ன படிக்கிறாய் என்று கேட்டிருந்தாய். இரண்டு மாதமாக ஒரே ஒரு பெண்மணி என்னை விடமாட்டேன் என்கிறார். லேயா ஹோரோவிட்ஸ். முழுப்பெயர் சாரா ரெபெக்கா ராகேல் லேயா. யூதர்களின் ஆதித்தாய்மார் நால்வர் பெயரும் ஒருத்திக்கே! 18-ஆம் நூற்றாண்டில், அன்றைய போலந்தில், போலெகூவ் என்ற சிற்றூரில் வாழ்ந்தவர். அந்த ஊர் இப்போது மேற்கு உக்ரைனில் இருக்கிறது. அப்பா, ப்ரோடி நகரத்தில், யூதர்களின் மறைஞான மரபான கபாலாவைக் கற்ற அறிஞர்கள் கூடிப் படித்த பெயர்பெற்ற படிப்புக்கூடத்தைச் சேர்ந்தவர். சகோதரர் போலெகூவின் ரபி, அதாவது யூத மதகுரு.

அவரை நேரில் பார்த்த ஒருவர் எழுதி வைத்திருப்பதைச் சொல்கிறேன் கேள். தோவ் பேர் என்று ஒரு மது வியாபாரி, 1723-ல் பிறந்தவர். சிறுவனாக அந்த ரபியிடம், யூதர்களின் சட்ட விளக்க நூலான தால்முத் படித்ததை வயதான காலத்தில் நினைவுக் குறிப்பாக எழுதினார். ரபி பகலில் சற்றுக் கண்ணயர்வார். பையன் புத்தகத்தை விரித்துக்கொண்டு ஒரு வரி புரியாமல் திகைத்து நிற்பான். லேயா வந்து, எந்த இடத்தில் சிக்கியிருக்கிறாய், அந்த வார்த்தைகளைச் சொல் என்பாராம். பையன் இரண்டு சொல் தொடங்கியதும், ராஷி என்ற பழைய உரையாசிரியர் எழுதிய உரையைப் புத்தகம் பார்க்காமலே ஒப்பித்துப் பொருளும் சொல்லிவிடுவார். ரபி எழுந்து வரும்போது பாடம் பையனுக்குத் தயாராக இருக்கும். அந்தக் குறிப்புகள் 1922-ல்தான் அச்சேறின. எனக்கு இதில் பிடித்தது, அந்த மனிதர் கிழவரான பிறகும் யாரிடம் கற்றோம் என்பதை மறக்காமல் எழுதியதுதான்.

கபாலா படிப்பது அன்று யாருக்கும் சுலபமில்லை. 1756-ல் அதே ப்ரோடியில் ஒரு தடை போட்டார்கள். முப்பது வயது ஆகாதவன் கபாலாவின் முதன்மை நூலான ஸோஹரைத் தொடக்கூடாது, நாற்பது ஆகாதவன் லூரியா என்ற கபாலா ஆசானின் போதனை நூல்களைத் தொடக்கூடாது. இது ஆண்களுக்கு. பெண்களைப் பற்றிப் பேச்சே கிடையாது. அந்த உலகத்தில் இந்தப் பெண் ஸோஹரை எடுத்துக்காட்டி எழுதுகிறார்.

எழுதியது ஒரு சின்ன நூல், 'தாய்மாரின் வேண்டுதல்'. பெண்கள் தங்கள் வீட்டுப் பேச்சுமொழியான யித்திஷில் சொல்லும் பிரார்த்தனைகளுக்கு 'த்கினே' என்று பெயர். அமாவாசை கழிந்து புதுப்பிறை வருவதற்கு முந்தைய சனிக்கிழமை ஓய்வுநாளில் சொல்வதற்காக லேயா இதை எழுதினார். மூன்று பகுதி. முன்னுரை எபிரேயத்தில், அடுத்து தால்முத்தின் பழைய மொழியான அரமேயத்தில் ஒரு பாட்டு, கடைசியாக அதே வேண்டுதல் பெண்களுக்குப் புரியும் யித்திஷில்.

முன்னுரையில்தான் அவர் மனசு முழுக்க இருக்கிறது. கபாலாவில் ஷெகினா என்றால் உலகத்தில் குடியிருக்கும் இறைச் சந்நிதி. பெண் வடிவம். யூத மக்கள் நாடு கடத்தப்பட்டபோது ஷெகினாவும் அவர்களோடு அகதியாகப் போனாள் என்பது நம்பிக்கை. ஆலயம் இடிந்த பிறகு பிரார்த்தனையின் வாசல்கள் அடைபட்டாலும் கண்ணீரின் வாசல் அடைபடவில்லை என்று தால்முத் சொல்கிறது. லேயா இதைப் பிடித்துக்கொள்கிறார். கண்ணீர் பெண்களிடம் இருக்கிறது, அதை ஷெகினாவுக்காகச் சிந்தினால் மீட்பே வந்துவிடும், எனவே பெண்கள் காலையும் மாலையும் ஜெபக்கூடத்துக்கு வரவேண்டும் என்கிறார். வந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறவர்களைக் கண்டிக்கவும் செய்கிறார்.

தன் குறைக்காக அழுவது போதாது என்பதும் அவர் கட்சி. இந்த இடத்தில் மட்டும் எனக்கு அவரோடு முழுதும் ஒத்துப்போக முடியவில்லை, மீனா. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்காக அழுகிறவளிடம் போய் இதைச் சொல்ல முடியுமா?

ஆனால் யித்திஷ் பகுதிக்கு வந்ததும் குரல் இளகிவிடுகிறது. அண்ணன்மார் விற்றுவிட்ட யோசேப்பை இழுத்துப் போகிறார்கள். வழியில் அம்மா ராகேலின் கல்லறை. அவன் அதன்மேல் விழுந்து அழுகிறான். பல காலம் கழித்து, பாபிலோன் தளபதி நேபுசராதான் யூத மக்களைச் சிறைபிடித்து ஓட்டிக்கொண்டு போகும்போது, அவர்களும் அதே கல்லறைமேல் விழுந்து அம்மாவைக் கூப்பிடுகிறார்கள். பிள்ளை தன் அம்மாவைக் கூப்பிடுகிற அழுகைதான் இது. அதற்கு மேல் அவர் எதையும் விளக்குவதில்லை.

28 வருஷமாக மெய்ப்புப் பார்க்கிறவள் என்பதால் என்னை அறுப்பது வேறொன்று. பின்னால் வந்த பதிப்புகள் பலவற்றில் எபிரேய முன்னுரையையும் அரமேயப் பாட்டையும் எடுத்துவிட்டார்கள். பெண்களுக்குத்தான் அந்த மொழிகள் தெரியாதே. அவை தெரிந்த ஆண்களோ பெண்களுக்கான பிரார்த்தனைப் புத்தகத்தைக் கையில் எடுக்கமாட்டார்கள். 'உங்கள் கண்ணீருக்கு இவ்வளவு வலிமை இருக்கிறது' என்று ஒருத்தி எழுதுகிறாள், அது யாருக்காகவோ அவர்களிடம் போய்ச் சேரவே இல்லை. வைத்திருந்தால் தாளில் சில பக்கம் கூடுதல், அவ்வளவுதான். நான் கோடு போட்டு நீக்கிய பத்திகளையெல்லாம் நினைத்துக்கொண்டு ஒரு ராத்திரி தூங்கவில்லை.

முன்னுரை அழியவில்லை. பழைய பிரதிகளில் கிடந்தது. நம் காலத்து ஆய்வாளர்கள் தேடி எடுத்து மொழிபெயர்த்திருக்கிறார்கள். ராகேல் வரும் பகுதியை மட்டும் தமிழில் எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த கடிதத்தோடு அனுப்புகிறேன். அம்மாவுக்குக் கட்டுப் பிரித்து, வெளிச்சம் கூசாமல் இருந்தால், நீயே அவர் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டு. என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
வசந்தா