நம்ம ஊர் ஹாக்கி மைதானத் திருப்பணி நிறைவு அறிக்கை, கோப்பையோட சேர்த்து

தலைக்கட்டு வரி குடுத்த எல்லா வீட்டுக்காரங்களுக்கும், வெளியூர்ல இருந்து பணம் போட்டுவிட்ட நம்ம பிள்ளைகளுக்கும் கமிட்டியோட வணக்கம். மைதான வேலை முடிஞ்சிருச்சு, கணக்கும் முடிச்சாச்சு. அறிக்கையை போன வாரமே போட்டிருக்கணும், ஆனா நம்ம ஊர் ஜூனியர் ஹாக்கி டீம் பசங்க பைனலுக்குப் போயிட்டாங்க, ஜெயிச்சிட்டு வரட்டும் சேர்த்தே எழுதிக்கலாம்னு வச்சிருந்தோம். ஜெயிச்சிட்டே வந்துட்டாங்கய்யா!

டிசம்பர்ல ஜூனியர் உலகக் கோப்பை மேட்ச் மதுரையில நடந்தப்ப பசங்கள வேன் பிடிச்சு கூட்டிட்டுப் போனோம்ல, திரும்பி வரும்போது வேன்லயே ஒரு பய கேட்டான், "அண்ணே, நம்ம கிரவுண்டுல பந்து ஏன் நேரா வரவே மாட்டேங்குது"ன்னு. யாருக்கும் பதில் சொல்ல வாய் வரல. நம்மது கரிசல், கோடையில பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும், பந்து வெடிப்புல விழுந்தா விரல விட்டுத்தான் எடுக்கணும், மழை பேஞ்சா ஒரு வாரத்துக்கு கால் வைக்க முடியாது. கோவில்பட்டியச் சுத்தி எந்த ஊர்லயும் ஹாக்கி ஸ்டிக் இல்லாத தெரு கிடையாது, இங்க பயிற்சி எடுத்த மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022ல ஜகார்த்தா ஆசியக் கோப்பையில இந்தியாவுக்கு ஆடி வெண்கலம் வாங்கிட்டு வந்தாங்க, கார்த்தி பாகிஸ்தானுக்கு எதிரா கோலே போட்டாரு. அந்த மண்ணுல நம்ம பிள்ளைங்க மட்டும் பந்து எந்தப் பக்கம் துள்ளும்னு பயந்துக்கிட்டே ஆடிட்டு இருந்தா எப்படி?

தை பொறந்ததும் கூட்டம் போட்டோம். ஒருத்தர் மொத்த செலவையும் நானே ஏத்துக்கிறேன், மைதானத்துக்கும் ஜெர்சிக்கும் என் பேரு வைக்கணும்னு கேட்டாரு. நல்ல மனசுலதான் கேட்டாரு. ஆனா ஜெர்சியில ஊர்ப் பேர் மட்டும்தான் இருக்கணும்னு பொம்பளைங்க பக்கம் இருந்துதான் முதல்ல சத்தம் வந்துச்சு, கோயிலுக்குப் போடுற மாதிரியே தலைக்கட்டுக்கு 1,500 ரூபாய்னு அங்கயே முடிவாச்சு. தீப்பெட்டி ஆபீஸ் போற வீடுகள்ல வாராவாரம் சம்பளத்துல நூறு நூறா குடுத்து அடைச்சாங்க, அத இந்தக் கமிட்டி மறக்காது.

274 தலைக்கட்டுல 4,11,000, திருப்பூர், சென்னை, துபாய் பிள்ளைகள் 2,74,000, ஆக வரவு 6,85,000. செலவுல பெருசு மண்ணுதான், மேல் கரிசல வழிச்சு எடுத்துட்டு 4 அங்குலத்துக்கு செம்மண் போட்டதுக்கு டிப்பர் 60 லோடு, லோடு 6,500ன்னு 3,90,000. ஜேசிபி, ரோலர் 1,12,000. ரெண்டு கோல் போஸ்ட், வலை, கோலுக்குள்ள பின்பக்கம் அடியில நிக்கிற பலகையோட 96,000. தண்ணி லாரி, சுண்ணாம்பு, வேலி எல்லாம் சேர்த்து 73,400. மொத்தம் 6,71,400 போக கையிருப்பு 13,600, பில்லு எல்லாம் ஃபைல்ல இருக்கு, யாரு வேணா வந்து பாக்கலாம்.

ஒரு தப்பு நடந்துச்சு, அதையும் சொல்லிடுறோம். முதல்ல வந்த நாலு லோடுல சல்லிக்கல்லு கலந்து வந்தத நாங்க பாக்காம கொட்ட விட்டுட்டோம், ரோலர் ஓட்டுன பிறகுதான் தெரிஞ்சது. மூணு ஞாயித்துக்கிழமை ஊரே வரிசையா உக்காந்து கல்லு பொறுக்குச்சு, எழுபது வயசு பாட்டி ஒருத்தங்க முறத்தோட வந்துட்டாங்க.

அந்த கோல் போஸ்ட் பலகையப் பத்தி கொஞ்சம் சொல்லணும். முன்னாடி ரெண்டு சவுக்குக் கம்புதான் நம்ம கோல், பின்னாடி வெறும் வேலி. பெனால்டி கார்னர்ல, அதாவது எதிரணி தப்புக்காக கோல் கோட்டுல இருந்து பந்த தள்ளிவிட்டு கோலுக்கு அடிக்கக் கிடைக்கிற வாய்ப்புல, முதல் அடி ஸ்டிக்க வீசி அடிக்கிற ஹிட்டா இருந்தா அந்தப் பலகை உயரம், அதாவது 46 சென்டிமீட்டர தாண்டக்கூடாது, தாண்டுனா கோல் கிடையாது. பலகையே இல்லாதவன் எந்த உயரத்தப் பாத்துப் பழகுவான்? இப்ப சாயங்காலம் ஆறு மணிக்கு பந்து பலகையில பட்டு "டொக்"குனு கேக்குற சத்தம் மேலத்தெரு வரைக்கும் வருது. மண்ணு சமமானதும் பசங்க பயமில்லாம குனிஞ்சு ஸ்டிக்க படுக்கப் போட்டு பந்த நிறுத்தப் பழகிட்டாங்க.

பைனல் செயற்கைப் புல்தரையில. கடைசி குவார்ட்டர் வரைக்கும் 0-1, நாலு நிமிசம் இருக்கும்போது பெனால்டி கார்னர் கிடைச்சது, தள்ளுன பந்த நம்ம தம்பி அசையாம நிறுத்துனான், அடுத்தவன் அடிச்சது தரையோட தரையா போய் அதே "டொக்", 1-1. வேன்ல போன அத்தனை பேரும் அந்தச் சத்தத்துலயே எந்திரிச்சிட்டோம். அப்புறம் ஷூட் அவுட், ஒவ்வொருத்தனா பந்தோட வந்து கீப்பர மட்டும் தாண்டி கோல் போடணும், ஒவ்வொருத்தனுக்கும் 8 செகண்ட். எதிரணி கடைசி ஆள் பந்த உருட்டிட்டு வர்றப்ப நம்ம கீப்பர் அவசரப்பட்டு விழாம நின்னே பாத்து கால்ல மாட்டுற கிக்கரால தட்டிவிட்டான், 3-2. அவங்கம்மா அன்னைக்கு லீவு கிடைக்காம தீப்பெட்டி ஆபீஸ்ல கட்டை அடுக்கிட்டு இருந்தாங்க, போன்ல சொன்னதும் பேச்சே வரல, அழுகைதான் கேட்டுச்சு. ராத்திரி ஊருக்குள்ள வந்து இறங்குறப்ப வீட்டுக்கு வீடு கடலைமிட்டாய் குடுத்தோம்.

கையிருப்பு 13,600ஐ பொம்பளைப் பிள்ளைங்க டீம் ஸ்டிக்குக்கு ஒதுக்கலாம்னு கமிட்டி நினைக்குது, அடுத்த கூட்டத்துல பேசி முடிவு பண்ணுங்க. ரோலர் சாவி நூலகத்துல இருக்கும், சாயங்காலம் தண்ணி தெளிக்கிற முறை தெருவாரியா எழுதி ஒட்டியிருக்கு.

கோப்பை ஒரு வீட்டுக்கு ஒரு ராத்திரின்னு சுத்திட்டு இருக்கு. இன்னைக்கு கீழத்தெருவுல பதினொன்னாவது வீடு. வாங்குறவங்க நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டு, காலையில எட்டு மணிக்குள்ள பக்கத்து வீட்டுல குடுத்துருங்க.